அன்று 'தேறாது' என்ற படத்தை இன்று கொண்டாடுவது ஏன்? 'கல்ட்' படங்கள் உருவாகும் கதை

"படம் வந்தப்ப யாரும் பார்க்கல. இப்ப எல்லாரும் 'மாஸ்டர்பீஸ்'னு சொல்றாங்க."

சுங்கை பாக்காப் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு சினிமா பேசுபவர்களிடமும், உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் இந்த வசனத்தை நீங்கள் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். 'அன்பே சிவம்', 'ஆயிரத்தில் ஒருவன்', 'குணா', 'புதுப்பேட்டை' என்று பட்டியல் நீளும்.

விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கிய படத்தையும், முதல் வாரத்திலேயே கூட்டம் குறைந்த படத்தையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் எப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? இது தானாக நடக்கிறதா? தோற்ற படம் எல்லாமே ஒருநாள் ஜெயிக்குமா? எளிமையாகப் பார்ப்போம்.

'கல்ட்' படம் என்றால் என்ன?

எல்லாருக்கும் பிடித்த படத்தை 'ஹிட்' என்கிறோம். ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பிடித்துப்போய், அவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனங்களை மனப்பாடம் செய்து, அடுத்தவரிடமும் 'பாரு, பாரு' என்று நச்சரித்தால் அது 'கல்ட்' படம். அந்தச் சிறு கூட்டம் காலப்போக்கில் பெரிதாகும்போது படம் 'கல்ட் கிளாசிக்' என்ற பெயரைப் பெறுகிறது.

இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. விமர்சகர்கள் திட்டிய படம் வேறு, வசூலில் தோற்ற படம் வேறு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' படத்தை விமர்சகர்கள் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. ஆனால் கூட்டம் வரவில்லை. அதே பொங்கல் சமயத்தில் விக்ரமின் 'தூள்' திரையரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தது. 2011-இல் வந்த 'ஆரண்ய காண்டம்' தேசிய விருதுகளைப் பெற்றும் வசூலில் எடுபடவில்லை. விமர்சகரும் கைவிட்டு ரசிகரும் கைவிட்ட படம் மூன்றாவது ரகம். அது திரும்பி வருவதுதான் கடினம். ஆனாலும் சில படங்கள் வந்திருக்கின்றன.

வெளியான நேரத்தில் ஏன் தோற்கின்றன?

காரணம் பல நேரங்களில் படத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, படத்தைச் சுற்றி இருக்கும் எதிர்பார்ப்பிலும் இருக்கிறது.

பண்டிகை நாளில் குடும்பத்தோடு திரையரங்குக்குப் போகிறவர் சிரிப்பு, பாட்டு, சண்டை மூன்றும் கேட்பார். அந்த நாளில் நம்பிக்கை, மரணம், அன்பு பற்றிப் பேசும் படத்தைக் கொடுத்தால் 'நல்லாதான் இருக்கு, ஆனா...' என்று இழுப்பார். அந்த 'ஆனா' வாய்வழியாகப் பரவினால் போதும், இரண்டாவது வாரம் காட்சிகள் குறைந்துவிடும்.

விமர்சகரின் நிலைமையும் இதுதான். படத்தை ஒரே தடவை பார்த்து, அன்றைக்கே எழுத வேண்டும். பழக்கமான அச்சில் இல்லாத படத்துக்கு அந்த அவசரம் ஆகாது.

இதற்கு உலக அளவில் நல்ல உதாரணம் 1982 ஜூன் 25. அன்றைய தினம் அமெரிக்காவில் 'பிளேட் ரன்னர்', 'தி திங்' ஆகிய இரண்டு படங்களும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டு வாரங்களுக்கு முன் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பார்த்து உருகிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு இந்த இரண்டு இருண்ட படங்களும் ஒட்டவில்லை. 'தி திங்' கடுமையாகத் திட்டு வாங்கியது, 'பிளேட் ரன்னர்' பற்றி இருவேறு கருத்துகள் வந்தன. இன்று அறிவியல் புனைவுப் படங்களின் பட்டியல் போட்டால் இரண்டையும் தவிர்க்க முடியாது.

'ஆயிரத்தில் ஒருவன்': ஒரு படத்தின் இரண்டு வாழ்க்கை

தமிழில் இதை முழுமையாகப் புரிந்துகொள்ள 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். செல்வராகவன் இயக்கம். கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன் நடித்தார்கள். இசை ஜி.வி. பிரகாஷ்குமார். 1965-இல் எம்.ஜி.ஆர். நடித்து பி.ஆர். பந்துலு இயக்கிய படத்தின் தலைப்பு மட்டும்தான் இதற்கும், கதை வேறு.

1279-இல் சோழப் பேரரசு வீழும் தறுவாயில் இளவரசன் ஒருவன் இரகசிய இடத்துக்கு அனுப்பப்படுகிறான். அவன் வழிவந்தவர்களைத் தேடி இன்றைய காலத்தில் ஒரு குழு புறப்படுகிறது. முதல் பாதி சாகசப் பயணம். இடைவேளைக்குப் பிறகு படம் வேறு முகம் காட்டுகிறது. பசியில் வாடும் மக்கள், தூதன் வருவான் என்று காத்திருக்கும் அரசன், பழந்தமிழ்ச் சாயலில் வசனம், மனதைக் கலக்கும் வன்முறை.

முதல் பாதிக்குக் கைதட்டியவர்கள் இரண்டாம் பாதியில் குழம்பினார்கள். முயற்சியைப் பாராட்டிய விமர்சகர்கள் பலர்கூட, கதை புரியவில்லை, வன்முறை அதிகம் என்று எழுதினார்கள். 'ஓடாத படம்' என்ற பெயர் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் தெலுங்கில் 'யுகானிக்கி ஒக்கடு' என்ற பெயரில் போனபோது அதே படத்துக்கு நல்ல வரவேற்பு. ஒரே படத்துக்கு ஊருக்கு ஊர் வேறு தீர்ப்பு கிடைத்தது.

இந்தக் கதையில் 2021-இல் ஒரு திருப்பம். படத்தின் உண்மையான செலவு 18 கோடி ரூபாய்தான், பிரமாண்டப் படம் என்று காட்டுவதற்காக 32 கோடி என்று அறிவித்தோம் என்று செல்வராகவனே சமூக ஊடகத்தில் எழுதினார். படம் போட்ட பணத்தை எடுத்தும் 'சுமார்' என்றே கருதப்பட்டதாம். அதை முட்டாள்தனம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'தோல்வி' என்பது வெறும் கணக்கு அல்ல. எவ்வளவு எதிர்பார்க்கச் சொன்னார்களோ, அதோடு ஒப்பிட்டுத்தான் ஒரு படத்தைத் தோற்றது என்கிறோம். 32 கோடிப் படமாகப் பார்த்தால் சறுக்கல், 18 கோடிப் படமாகப் பார்த்தால் கரையேறிய படம்.

சரி, அப்புறம் எப்படி மாறியது?

மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது, மறுபடி பார்க்கும் வசதி. திரையரங்கில் புரியாத இரண்டாம் பாதியை வீட்டில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, இரண்டாம் தடவை பார்க்கும்போது முடிச்சு அவிழ்ந்தது. தொலைக்காட்சி, குறுந்தட்டு, பிறகு யூடியூப் என்று வழிகள் கூடிக்கொண்டே போயின.

இரண்டாவது, பேசுவதற்கு விஷயம் இருந்தது. ஈழப்போர் 2009 மே மாதம் முடிந்தது. எட்டு மாதம் கழித்து வந்த படத்தில், சூழப்பட்ட ஒரு தமிழ்க்கூட்டத்தை நவீன ஆயுதங்களோடு வரும் படை அழிக்கிறது. அதைப் பலரும் அந்தப் போரின் நிழலாகவே பார்த்தார்கள். ஆண்டுகள் போகப்போக இந்தப் பார்வை வலுத்தது. மலேசியத் தமிழர்களுக்கு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. முதலாம் இராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் வந்ததாகச் சொல்லப்படும் கடாரம், பினாங்குக்குப் பக்கத்து மாநிலமான கெடாவோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் எச்சங்கள் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. கடல் தாண்டிய சோழர் கதை நமக்கு எங்கோ நடந்த கதை அல்ல.

மூன்றாவது, காலம் ரசிகரைத் தயார் செய்தது. பிரமாண்ட வரலாற்றுக் கற்பனைப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. 2022-இல் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, அதில் வந்தியத்தேவனாக நடித்த அதே கார்த்தியின் பழைய சோழப் படத்தை இளைஞர்கள் மறுபடி தேடிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே, 2021-ஆம் ஆண்டின் கடைசியில், படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குத் திரும்பியிருந்தது. அந்த ஆண்டின் முதல் நாளில் தனுஷை வைத்து இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டதும் இந்த ஆர்வத்தால்தான்.

தொலைக்காட்சி என்ன செய்கிறது?

ஒரு படத்தின் இரண்டாவது வாழ்க்கை பெரும்பாலும் வரவேற்பறையில்தான் தொடங்குகிறது. 1946-இல் வந்த அமெரிக்கப் படம் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வசூலில் நட்டம் கண்டது. 1974-இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனது. உடனே தொலைக்காட்சி நிலையங்கள் பெரிய செலவில்லாமல் கிறிஸ்துமஸ் தோறும் அதை ஒளிபரப்பத் தொடங்கின. ஒரு தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது. இன்று அமெரிக்கர்களுக்கு அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. யாரோ மறந்துபோன ஒரு விண்ணப்பப் படிவம் ஒரு படத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலம், ஆர்.டி.எம்.மில் தமிழ்ப்படம் வந்தால் பக்கத்து வீட்டாரும் வந்து உட்கார்ந்த காலம், வீடியோ கடையில் கேசட் வாடகைக்கு எடுத்த காலம், 1996-க்குப் பிறகு அஸ்ட்ரோ வானவில் காலம் என்று ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் திபால் வட்டாரப் பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். திரையரங்கு பட்டணத்தில் இருந்தது. தோட்டத்துக்காரருக்குப் படம் தாமதமாகத்தான் வந்தது. தாமதமாகப் பார்ப்பதில் ஒரு நன்மையும் உண்டு. விளம்பரச் சத்தமும் விமர்சனமும் அடங்கிய பிறகு, படத்தை மட்டும் பார்க்கிறோம்.

பினாங்குக்காரர் பி. ரம்லியின் பாடம்

இந்த விஷயத்தில் மலேசியாவின் மிகப் பெரிய உதாரணம் ஒரு பினாங்குக்காரர். பி. ரம்லி 1929 மார்ச் 22-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்தவர். 1948-இல் சிங்கப்பூருக்குப் போய், ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அப்போது அங்கே இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். ஆண்டு 1950.

சிங்கப்பூரில் உச்சத்தைத் தொட்ட ரம்லி 1964-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். அங்கே வசதிகள் குறைவு. வண்ணப்படங்கள் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அவர் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுக்க வேண்டியிருந்தது. இந்திப் படங்களும் ஹாங்காங் படங்களும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. ரம்லியின் கதை முடிந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அவருடைய கடைசிப் படமான 'லக்சமானா டோ ரே மி' 1972-இல் வந்து எடுபடாமல் போனது. அடுத்த ஆண்டு, 1973 மே 29-ஆம் தேதி, மாரடைப்பால் காலமானார். வயது 44. கையில் பணமும் இல்லை, கேட்ட வாய்ப்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சி அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. ஹரி ராயாவா, பள்ளி விடுமுறையா, ரம்லி படம் ஒளியேறும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் 'பூஜாங் லாப்போக்' நகைச்சுவையைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தார்கள். அவர் காலத்தில் ஒதுக்கப்பட்ட மெர்டேக்கா ஸ்டூடியோ படங்களும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தன. 1990-இல் 'டான் ஸ்ரீ' பட்டம் கொடுத்தார்கள். அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'நல்ல படம் எப்படியும் ஒருநாள் ஜெயிக்கும்' என்று நாம் ஆறுதலாகச் சொல்கிறோமே, அதன் மறுபக்கம் இதுதான். படம் ஜெயிக்கலாம். படைத்தவர் அதைப் பார்க்க இருக்க மாட்டார்.

ரசிகர்கள் படத்தை எப்படித் தங்களுடையதாக்குகிறார்கள்?

1975-இல் வந்து சுருண்ட 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' படத்தை 1976 முதல் நியூயார்க்கின் ஒரு திரையரங்கு நள்ளிரவுக் காட்சியாகப் போட்டது. வந்தவர்கள் கதாபாத்திரங்களைப் போலவே உடுத்திக்கொண்டு, திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசினார்கள். படம் பார்ப்பது ஒரு திருவிழாவானது.

நாம் அதையே வேறு மாதிரி செய்கிறோம். வடிவேலு, கவுண்டமணி நகைச்சுவை போல, தோற்ற படத்தின் வசனத்தையும் மீமாக மாற்றுகிறோம். படத்தையே பார்க்காதவனும் வசனத்தைச் சொல்வான். பிறகு 'இது எந்தப் படத்துல வருது?' என்று தேடிப் போவான்.

சில நேரம் ஒரு படத்தை இன்னொரு படம் எழுப்பிவிடும். 1991 தீபாவளிக்கு ரஜினியின் 'தளபதி'யோடு மோதிய கமலின் 'குணா' பெரிய வசூல் பார்க்கவில்லை. ஆனால் அது படமாக்கப்பட்ட கொடைக்கானல் குகைக்கு 'குணா குகை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' அந்தக் குகையையும் 'குணா'வின் பாடலையும் கதையின் இதயத்தில் வைத்தது. 'குணா' வந்தபோது பிறக்காத பிள்ளைகள் திரையரங்கில் அந்தப் பாட்டுக்குக் கைதட்டினார்கள்.

காலமும் அர்த்தத்தைக் கூட்டும். 'அன்பே சிவம்' படத்தில் கமல் சுனாமி பற்றிப் பேசும்போது பலருக்கு அந்தச் சொல்லே புதிது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தக் காட்சியை யாராலும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அன்றைய அலை பினாங்குக் கரையிலும் உயிர்களைப் பறித்தது.

அப்படியென்றால் தோற்ற படம் எல்லாம் 'கல்ட்' ஆகுமா?

இல்லை. பெரும்பாலான தோல்விப் படங்கள் மறக்கப்படுகின்றன, பலவற்றுக்கு அதுவே நியாயம். மறுவெளியீடு என்றாலே 'கல்ட்' என்றும் எண்ணிவிடக் கூடாது.

2002 ஆகஸ்ட் 15-இல் வந்த ரஜினியின் 'பாபா' பெரிய ஏமாற்றமானது. விநியோகஸ்தர்களின் நட்டத்தை ரஜினி ஈடுகட்டியதாகச் செய்திகள் வந்தன. 2022 டிசம்பரில், அவரது பிறந்தநாளையொட்டி, நீளத்தைக் குறைத்துப் புதுப்பித்து வெளியிட்டார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அது படத்தின் மேல் வந்த புதிய மரியாதையா, நடிகரின் மேல் என்றும் இருக்கும் பாசமா என்பதை நீங்களே சொல்லலாம். இன்னொரு பக்கம், 2018-இல் வந்த இந்திப் படம் 'தும்பாட்' 2024 செப்டம்பரில் மறுபடி வந்து, முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. அது பெரிய நட்சத்திரம் இல்லாத படம். கூட்டம் வந்தது படத்துக்காக மட்டும்.

மோசமாக இருப்பதாலேயே பிரபலமாகும் படங்களும் உண்டு. 2003-இல் வந்த 'தி ரூம்' என்ற அமெரிக்கப் படத்தைச் சிரிப்பதற்காகவே கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். அதுவும் 'கல்ட்'தான், ஆனால் அதை மரியாதை என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்த படங்களில் பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்:

- அச்சில் வார்க்காத ஏதோ ஒன்று. மற்ற படங்களில் கிடைக்காத காட்சி, இசை, கதாபாத்திரம்.
- மறுபடி பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கும் பொருள். ஒரே தடவையில் தீர்ந்துபோகாத கதை.
- கைக்கு எட்டும் வழி. தொலைக்காட்சி, இணையம், மறுவெளியீடு ஏதோ ஒன்றில் படம் கிடைக்க வேண்டும்.
- அலுக்காமல் பேசும் ரசிகர்கள். பணம் வாங்காமல் விளம்பரம் செய்பவர்கள் அவர்கள்தான்.

இதில் மூன்றாவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். படச்சுருள் இருந்தால்தான் மறுவாழ்வு. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி கிடைப்பதில்லை. வரலாறு படைத்த படத்துக்கே அந்த கதி என்றால், தோற்ற படத்தின் பெட்டியை யார் பத்திரமாக வைப்பார்கள்? காணாமல் போன படத்துக்கு ரசிகர் மன்றம் அமைக்க முடியாது.

நமக்கு இதில் என்ன?

மலேசியத் தமிழ்ப்படங்களை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து பெரிய நடிகரின் படம் வரும் வாரத்தில் உள்ளூர்ப் படம் வந்தால் காட்சி நேரமே கிடைப்பது சிரமம். முதல் வாரக் கூட்டம்தான் இரண்டாவது வாரத்தை முடிவு செய்கிறது. ஷான்ஜய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வந்தது. தோட்டம் விட்டுப் புறப்பட்ட தமிழ்க் குடும்பத்தின் கதை. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. விமர்சகர்கள் மெச்சிய படம் என்பதால் அதற்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அப்படிப் பேர் கிடைக்காத உள்ளூர்ப் படங்களுக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை.

ஆகவே அடுத்த தடவை 'படம் சரியில்லையாம்' என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'என்ன சரியில்ல? போரா, புரியலயா, இல்ல நீங்க எதிர்பார்த்தது வேறயா?' 'போர்' என்றால் விட்டுவிடலாம். 'புரியல' என்றாலோ, 'வேற எதிர்பார்த்தேன்' என்றாலோ, ஒரு டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், அதையும் அந்த வாரமே சொல்லுங்கள். இருபது ஆண்டு கழித்து வரும் கைதட்டலும் இனிமையானதுதான். ஆனால் அடுத்த படம் எடுக்க அந்த இயக்குநருக்கு இப்போதுதான் பணம் வேண்டும்.